நிலம் நடுங்கிய பின் பட்டியல் எழுதுவது யார்?

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி ஆரணியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலநடுக்கம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். "ஆரணியில் எதுக்குண்ணே நிலநடுக்கம்?" என்று ஒரு தம்பி நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்ததெல்லாம் மழை, வெள்ளம், வறட்சி. அதனால் மழையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பிறந்தது இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சேரியில். அப்பா கூலித் தறி நெய்தவர். வீட்டுக்குள் குழித்தறி. தறி முதலாளியுடையது, பட்டும் ஜரிகையும் அவருடையது. குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மிதிக்கும் உழைப்பு மட்டும் எங்களுடையது. அடைமழை பெய்தால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். குழியில் தண்ணீர் ஊறினால் வாரக் கணக்கில் வேலை கிடையாது, ஈரம் ஏறிய பாவு கெட்டால் அதற்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருடம் பெரிய மழை. நிவாரணம் என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தார். "தறி யார் பேர்ல இருக்கு? சங்கத்துல உறுப்பினர் எண் இருக்கா?" என்று கேட்டார். அப்பா, "தறி அவங்களுது சார், கை என்னுது" என்றார். அவர் சிரித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். மழை எங்கள் குழியில்தான் பெய்தது. பணம் வேறு பெயருக்குப் போனது.

பேரிடர் ஒன்று, அதற்குப் பிறகு எழுதப்படும் பட்டியல் இன்னொன்று என்று நான் புரிந்துகொண்டது அன்றைக்கு. ஒரு ஊரில் மழைக்கு நடப்பது ஒரு நாட்டில் நிலநடுக்கத்துக்கு எப்படி நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. நிலநடுக்கம் ஆட்சிகளை மாற்றியிருக்கிறது, போர்களை நிறுத்தியிருக்கிறது, சில இடங்களில் போரைக் கூட்டி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நம் மக்கள் அந்தக் கதையில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1934 ஜனவரி 15. மதிய நேரம். பீகாரிலும் நேபாளத்திலும் பூமி அதிர்ந்தது. முங்கேர், முசாபர்பூர் போன்ற ஊர்கள் தரைமட்டமாயின. பீகாரில் மட்டும் 7,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது காந்தி எங்கே இருந்தார்? நம் பக்கம்தான். தீண்டாமை ஒழிப்புக்காக அவர் மேற்கொண்ட 'ஹரிஜன யாத்திரை' தென்னிந்தியாவில் நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் அவர் ஒரு கருத்தைச் சொன்னார்: பீகாரில் நேர்ந்த பேரழிவுக்கும் தீண்டாமைக்கும் தொடர்பு இருக்கிறது, நாம் செய்த, செய்துகொண்டிருக்கும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று தான் நம்புவதாகச் சொன்னார்.

தாகூர் அதிர்ந்து போனார். காந்தியிடம் பெரும் மதிப்பு வைத்திருந்தவர் என்றாலும், மறுப்பு எழுதி அனுப்பினார். காந்தியின் 'ஹரிஜன்' இதழிலேயே பிப்ரவரியில் அது வெளியானது. இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்பது அவர் வாதத்தின் ஒரு பாதி. மறு பாதியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். எங்கோ பத்திரமாக உட்கார்ந்திருக்கும் குற்றவாளிக்குப் பாடம் புகட்டக் குழந்தைகளையும் தீண்டப்படாத மக்களையும் சேர்த்துக் கொல்லும் நீதி என்ன நீதி என்ற பொருளில் அவர் கேட்டார். இடிபாட்டுக்குள் நாமும் செத்துக் கிடந்தோம் என்பதை அந்த விவாதத்தில் ஞாபகப்படுத்தியவர் அந்தக் கவிஞர்தான். காந்தி பதில் எழுதினார், தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் இந்த விவாதம் 'அறிவியலா, நம்பிக்கையா' என்ற தலைப்பில் வரலாம். நமக்கு அதில் வேறு பாடம் இருக்கிறது. காந்தி சொன்னதில் ஒரு நேர்மை உண்டு, அதை மறுக்க மாட்டேன். தீண்டாமை பாவம் என்று சனாதனிகள் கறுப்புக்கொடி காட்டிய மேடைகளில் நின்றுதான் சொன்னார். ஆனால் பாவம் என்று சொன்ன உடனே அது சாதி இந்துவுக்கும் கடவுளுக்கும் நடுவில் நடக்கும் பேச்சாகிவிடுகிறது. பாவம் செய்தவன் இருக்கிறான், தண்டிக்கிற கடவுள் இருக்கிறார். பாவத்தை அனுபவித்தவன் எங்கே? அவனுக்கு உரிமை என்ன? அதற்குச் சற்று முன்புதான், 1932 செப்டம்பரில், பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி நம்மிடமிருந்து போயிருந்தது. அரசியல் கணக்காகப் பேச வேண்டியதைப் பிராயச்சித்தமாகப் பேசும் காலம் அது.

சரி, அந்த நிலநடுக்கம் நாட்டின் அரசியலில் என்ன செய்தது? காங்கிரஸ் அப்போது தடை செய்யப்பட்ட இயக்கம். சட்ட மறுப்பு இயக்கம் ஓய்ந்து கிடந்தது. தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். பீகாரின் ராஜேந்திர பிரசாத்தும் சிறையில்தான் இருந்தார். பூமி அதிர்ந்த கையோடு அவரை விடுதலை செய்தார்கள். வெளியே வந்தவர் பீகார் மத்திய நிவாரணக் குழுவை நடத்தினார். தொண்டர்களைத் திரட்டி, இடிபாடு அகற்றி, கிணறு தூர்வாரி, பணம் வசூலித்து, துணி கொடுத்தார்கள். தடை செய்யப்பட்ட கட்சி நிவாரணத்தின் பெயரால் மறுபடி கிராமத்துக்குள் நுழைந்தது. ஏப்ரலில் காந்தி சட்ட மறுப்பை நிறுத்தினார், ஜூனில் காங்கிரஸ் மீதான தடை நீங்கியது. அக்டோபரில் பம்பாய் மாநாட்டுக்கு ராஜேந்திர பிரசாத் தலைவர். நவம்பரில் மத்திய சட்டசபைத் தேர்தல், காங்கிரஸுக்குப் பெரிய வெற்றி. எல்லாம் நிலநடுக்கத்தால் நடந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் சிறையிலிருந்து சட்டசபைக்குப் போன பாதை பீகாரின் இடிபாடு வழியாகவும் போனது.

அதே 1934-இல், அதே தேர்தலுக்கு முன்னால், இன்னொன்றும் நடந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதா நிலுவையில் இருந்தது. காங்கிரஸ் தலைவர்கள் ஆதரவு திரட்டி ஊர் ஊராகப் பேசிய மசோதா. தேர்தல் நெருங்கியதும் சாதி இந்து வாக்குகள் போய்விடுமே என்ற பயம் வந்தது. ஆதரவு விலகியது. ஆகஸ்ட்டில் ரங்க ஐயர் சபையிலேயே காங்கிரஸ்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு மசோதாவைத் திரும்பப் பெற்றார். அண்ணல் அம்பேத்கர் இந்தக் கதையை 1945-இல், காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார். அண்ணலுக்கே அந்த மசோதாவில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. கோயில் கதவைவிடக் கல்வியும் அதிகாரமும் முக்கியம் என்று 1933-லேயே சொல்லிவிட்டார். ஆனாலும் கைவிட்ட விதத்தைப் பதிந்து வைத்தார்.

ஜனவரியில் தீண்டாமைக்காகக் கடவுளே பூமியைப் பிளந்தார். ஆகஸ்ட்டில் தீண்டாமைக்கு எதிரான ஒரு மசோதாவுக்காகச் சில ஆயிரம் வாக்குகளை இழக்க ஒருவரும் தயாராக இல்லை. நடுவில் ஏழே மாதம்.

மற்ற நாடுகளில் எப்படி என்று கொஞ்சம் பார்க்கலாம். 1923-இல் டோக்கியோ பகுதியில் பெரும் நிலநடுக்கம், தீ. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளப்பி, ஆயிரக்கணக்கான கொரியர்களைத் தெருவில் வைத்துக் கொன்றார்கள். 1972 டிசம்பரில் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவா இடிந்தது. உலகம் அனுப்பிய உதவியைச் சர்வாதிகாரி சொமோசாவின் ஆட்கள் விழுங்கினார்கள். அதுவரை அவரோடு இருந்த வியாபாரிகளும் நடுத்தர வர்க்கமும்கூட விலகினார்கள், 1979-இல் ஆட்சி கவிழ்ந்தது. இதைப் படித்துவிட்டு நிலநடுக்கம் வந்தால் சர்வாதிகாரி போய்விடுவான் என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் துருக்கியில் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள், தரமற்ற கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்த கதையெல்லாம் வெளியே வந்தது, மூன்றே மாதத்தில் நடந்த தேர்தலில் எர்துவான் மறுபடி வென்றார். ஆளப் போவது யார் என்பதைப் பூமி முடிவு செய்வதில்லை.

நம் நாட்டு உதாரணம் குஜராத். 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை. கட்ச் பகுதியில் பூஜ், பச்சாவ், அஞ்சார் ஆகிய ஊர்கள் சிதைந்தன. ஆயிரக்கணக்கில் மரணம். நிவாரணம் சரியில்லை என்ற கோபம், இடைத்தேர்தல் தோல்விகள், எல்லாம் சேர்ந்து முதல்வர் கேசுபாய் படேலைக் கட்சி மாற்றியது. அக்டோபர் 7 அன்று நரேந்திர மோடி முதல்வரானார். அதற்கு முன் அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு நாற்காலி காலியானது, அதை நிரப்ப ஏற்கெனவே ஓர் அமைப்பு தயாராக இருந்தது. அதே கட்ச்சில் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் நிவாரணம் குறைவாகவும் தாமதமாகவும் போனது என்று மனித உரிமை அமைப்புகள் எழுதின. முகாம்கள்கூட சாதிவாரியாகப் பிரிந்தன. வீடு இடிந்த பிறகும் சேரி இடியவில்லை.

இனி நம் கடற்கரைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26. சுனாமி என்றுதான் நாம் சொல்கிறோம், ஆனால் அது சுமத்ரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள், அதில் 6,000-க்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். மீனவ மக்கள் பட்ட துயரத்துக்கு ஈடே இல்லை, அதைக் குறைத்துப் பேச இங்கே யாருக்கும் உரிமை கிடையாது. அவர்களும் சமூகத்தால் ஓரத்தில் தள்ளப்பட்டவர்கள்தான்.

ஆனால் பிணங்களை எடுத்தது யார்? பிற ஊர் நகராட்சிகளிலிருந்து லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றிவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலும் அருந்ததியர். பலருக்குக் கையுறைகூட இல்லை. நாட்கணக்கில் அழுகிய உடல்களை எடுத்துப் புதைத்தார்கள். ராணுவத்துக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைத்த பாராட்டில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்று அன்றைய பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள்.

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். கடலில் போகிறவன், படகு வைத்திருப்பவன், வலை வைத்திருப்பவன் பாதிக்கப்பட்டவன். அது சரிதான். கரையில் மீன் சுமப்பவள், உப்பளத்தில் கூலி செய்பவன், முகத்துவாரத்தில் கையால் இறால் பிடிப்பவள், உப்பேறிய நிலத்தில் விவசாயக் கூலி ஆகிய இவர்களில் பெரும் பகுதி தலித்துகள். இவர்களுக்கு இழந்ததாகக் காட்டப் படகும் இல்லை, வலையும் இல்லை, பட்டாவும் இல்லை. இழந்தது நாளைய கூலி. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. தலித்துகளைப் பொது முகாமில் சேர்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டியைத் தொட விடவில்லை, கோயிலிலும் பள்ளியிலும் ஒதுங்கியவர்களை வெளியேற்றினார்கள் என்று அறிக்கைகள் அடுக்கடுக்காக வந்தன. அதிகாரிகள் சொன்ன பதில், ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த பட்டியல்படிதான் கொடுக்கிறோம் என்பது. எங்கள் வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர் ஞாபகம் வருகிறதா?

அதே அலை கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாடுகளின் அரசியலை இரண்டு திசையில் திருப்பியது. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் 1976-இலிருந்து விடுதலைப் போராட்டம். சுனாமியில் அங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஜனவரியிலேயே பேச்சு தொடங்கியது, 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆயுதத்தை ஒப்படைத்தார்கள், சொந்தக் கட்சி தொடங்கும் உரிமை பெற்றார்கள், அடுத்த ஆண்டு தேர்தலில் முன்னாள் போராளி ஆளுநரானார்.

இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும். முதல் சில நாட்கள் சிங்களவர் தமிழரைத் தூக்கினார்கள், தமிழர் முஸ்லிமுக்குச் சோறு கொடுத்தார்கள், ராணுவமும் புலிகளும்கூடச் சில இடங்களில் ஒத்துழைத்தார்கள். பிறகு வந்தது உதவிப் பணத்தை யார் பங்கிடுவது என்ற கேள்வி. அரசும் புலிகளும் சேர்ந்து நிவாரணத்தை நடத்த ஒரு பொதுக்கட்டமைப்பு என்று பேச்சு. பேசிப் பேசி ஆறு மாதம் போனது. அதை எதிர்த்து ஜே.வி.பி. அரசிலிருந்து வெளியேறியது. 2005 ஜூன் 24 அன்று கையெழுத்து. தங்களை ஒரு தரப்பாகச் சேர்க்கவில்லை என்று முஸ்லிம்கள் கேட்டார்கள். அவர்களுக்கு இழப்பு மிக அதிகம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இடமில்லை. ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கியப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது. நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். பொதுக்கட்டமைப்பை எதிர்த்தவர்களோடு கூட்டுச் சேர்ந்த மகிந்த ராஜபக்ச, இரண்டு லட்சத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வடக்கில் தமிழர்கள் வாக்களிக்காமல் தடுக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு போர். முள்ளிவாய்க்கால் 2009 மே மாதம்.

சுனாமிதான் முள்ளிவாய்க்காலைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆச்சேயில் சமாதானம் வந்ததற்கும் சுனாமிக்கு முன்பே தொடங்கிய ரகசியத் தொடர்புகள் காரணம். என் கருத்து இதுதான்: அரிசி மூட்டையை யார் பெயரில் யார் கொடுப்பது என்ற, நிர்வாகச் சங்கதி போலத் தெரிகிற கேள்வி, உண்மையில் ஆட்சி யாருடையது என்ற கேள்வி. ஜே.வி.பி.க்கும் அது தெரிந்திருந்தது, புலிகளுக்கும் தெரிந்திருந்தது.

நேபாளத்தையும் சொல்லிவிடுகிறேன், நமக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். 2008 முதல் இழுபறியாக இருந்த அரசியல் சட்டத்தை, நாடு துயரத்தில் இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லிப் பெரிய கட்சிகள் ஜூனில் ஒரு 16 அம்ச உடன்பாடு போட்டு விரைவுபடுத்தின. செப்டம்பர் 20-இல் அறிவித்தே விட்டார்கள். துயரத்தின் அவசரத்தில் தங்களை விட்டுவிட்டார்கள் என்று மாதேசிகளும் தலித்துகளும் பெண்களும் எதிர்த்தார்கள். தராய்ப் பகுதியில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் 2017 உள்ளாட்சித் தேர்தலில் ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் கட்டாயம் என்று சட்டம் வந்தது. 6,500-க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் வென்றார்கள். அது நிலநடுக்கத்தின் பரிசு அல்ல. பல பத்தாண்டுகள் தெருவில் நின்று கேட்டவர்கள் அதை வாங்கினார்கள். அடுத்த முறை பூமி அதிர்ந்தால், வார்டில் நிவாரணப் பட்டியல் எழுதும் மேசையில் சட்டப்படி ஒரு தலித் பெண் உட்கார்ந்திருப்பார்.

நம் பக்கமும் சிலர் மேசையைத் தேடிப் போயிருக்கிறார்கள். 2008-இல் கோசி ஆறு உடைந்தபோது, அதே பீகாரில், தலித் அமைப்புகள் முகாம் முகாமாகப் போய், எந்த முகாமில் எத்தனை தலித் குடும்பம், யாருக்குக் கூடாரம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று தாமே கணக்கெடுத்து வெளியிட்டன. 1934-இல் அந்த மண்ணில் நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். 2008-இல் நம்மவர்கள் கையில் நோட்டு இருந்தது. பாவத்தின் பேச்சைவிட இந்த நோட்டின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் பாறை உருண்டு ஒரே வீட்டில் ஏழு பேர் புதைந்தார்கள். ஐந்து குழந்தைகள். நம் மாவட்டம்தான். அதற்குப் பிறகு மலையடிவார வீடுகளைப் பற்றி எழுந்த பேச்சில் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று கவனித்தீர்களா? வாழ இடமில்லாதவன் சரிவில் வீடு கட்டுகிறான், பாறை விழுந்ததும் அவனே குற்றவாளி ஆகிறான். 'பாவம்' என்ற சொல் போய் 'ஆக்கிரமிப்பு' வந்திருக்கிறது.

அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நிலநடுக்கம் ஆரணிக்கு வர வேண்டிய அவசியமில்லை. கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்தாலே போதும். நம் தெருக்களில் எத்தனை குழித்தறி இருக்கிறது? அதில் எத்தனை நெய்பவர் பெயரில் இருக்கிறது? கூலித் தறிக்காரர்கள் எத்தனை பேருக்கு நெசவாளர் அடையாள அட்டை இருக்கிறது? பாவு ஓட்டும் பெண்கள், சாயம் போடுகிறவர்கள், இழை சுற்றும் பாட்டிகள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? இந்த அரங்கில் இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கல்லூரித் தம்பி தங்கைகள் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் மேசை மேல் கோடு போட்ட நோட்டுகள் இருக்கின்றன, தெருவுக்கு ஒன்று. வீட்டு எண், தறி யாருடையது, நெய்வது யார், குழியில் தண்ணீர் வருமா, கடைசியாக நிவாரணம் கிடைத்தது எப்போது என்று ஐந்து பத்திகள் போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் சந்திக்கிறோம். எங்கள் தெருவுக்கு நானே வருகிறேன், அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

ஜெய்பீம்.